நடுமரம் போன வழி: ராயபுரம் முதல் எண்ணூர் வரை

ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு மின்சார ரயிலில் அரைமணி நேரம். டிக்கெட் ஐந்து ரூபாய். இந்தச் சின்னத் தூரத்தை எங்கள் வீட்டில் நூறு வருஷத்துக்கு மேலாக யாரும் கடந்ததில்லை. கடக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அதை முதலில் மீறியவள் நான். வயது இருபத்து மூன்று, மாதவரத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவள். பயணக் கட்டுரை எழுதுமளவுக்கு ஊர் சுற்றியவளும் இல்லை. போய் வந்த இடத்துக்கு இனி யாரும் டிக்கெட் வாங்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

சட்டத்தின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ராயபுரம் கோவிலைச் சேர்ந்த மீனவக் கிறிஸ்தவர்கள். என் கொள்ளுத்தாத்தா ஆரோக்கியமும் அவருடைய அண்ணன் லாசரும் ஒரே கட்டுமரத்தில் தொழில் செய்தவர்கள். அந்தக் கட்டுமரம் மூன்று மரம் சேர்த்துக் கட்டியது. நடுவில் இருப்பது நடுமரம். எங்கள் குப்பத்தில் கூட்டாளிகள் பிரிவதென்றால் பஞ்சாயத்து, பேச்சு எதுவும் கிடையாது. பிரிகிறவன் கயிற்றை அவிழ்த்து நடுமரத்தை உருவிக்கொண்டு போவான். அவ்வளவுதான். அதன் பிறகு ஒருவர் வீட்டில் மற்றவருக்குச் சோறு தண்ணி கூடக் கிடையாது. முதல் உலகப்போரில் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் வந்து சென்னையில் குண்டு போட்ட மறுநாள், ஊரே ஓடுகிற நேரத்தில், லாசர் நடுமரத்தை உருவிக்கொண்டு எண்ணூருக்குப் போனார். கட்டுமரம் இல்லாத ஆரோக்கியம் ஹார்பரில் மூட்டை தூக்கப் போனார். எங்கள் வம்சத்தில் அதன் பிறகு யாரும் கடலில் இறங்கவில்லை. என் நைனாவும் ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்தான். லாசர் வம்சத்தை அவர் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "எம்டன் வூட்டானுங்க" என்பார்.

அந்த வீட்டில் இப்போது இருப்பவர் லாசரின் பேரன். எனக்குப் பெரியப்பா முறை. நுரையீரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கோவிலுக்கு வந்த யாரிடமோ, தம்பியை ஒரே ஒரு தடவை பார்க்கணும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நைனா மூன்று நாளாக அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மாதான் நான்காம் நாள் காலையில் என் கையில் ஒரு கிலோ சாத்துக்குடியைத் திணித்து, வேலைக்குப் போகிற மாதிரி கிளம்பச் சொன்னாள். போகிற உயிர் மனசு நோகப் போகக் கூடாது என்றாள்.

காலை 6.10, ராயபுரம் ரயில் நிலையம். செப்டம்பர் இருபத்து மூன்றாம் தேதி. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனால் நடைமேடையில் கால் வைக்க இடமில்லை. டிரங்குப் பெட்டி, அண்டா, கூடையில் கோழி, தலையில் தையல் மிஷின். வேளாங்கண்ணிக் கூட்டமோ என்று நினைத்தேன். திருவிழா முடிந்து இரண்டு வாரம் ஆகிவிட்டதே என்று அப்புறம்தான் உறைத்தது. பக்கத்தில் நின்ற அம்மாளிடம், இந்தக் கூட்டம் எந்த வண்டிக்கு என்று கேட்டேன்.

"எதுவா இருந்தா இன்னா? ஊர வுட்டுப் போனா போதும். ராத்திரி குண்டு போட்டது உனக்குக் கேக்கலியா?"

வெளியே வந்து பார்த்தேன். தெற்கே, ஹார்பர் பக்கம், எண்ணெய்த் தொட்டிகள் எரிந்து கரும்புகை எழும்பிக்கொண்டிருந்தது. ஊரெங்கும் மண்ணெண்ணெய் வாடை. மேம்பாலத்தைக் காணோம், கன்டெய்னர் லாரிகளைக் காணோம். என் கைபேசி செத்துக் கிடந்தது. எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. ஆனால் எங்கே வந்திருக்கிறேன் என்பதில் சந்தேகம் வரவில்லை. எம்டன் வந்து போன இந்தக் காலையை நைனா எனக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் சொல்லியிருக்கிறார்.

பயப்பட்டேன் என்று எழுதினால்தான் அழகாக இருக்கும். உண்மையில் எனக்கு வந்தது கோபம். லாசர் இன்னும் கிளம்பியிருக்க மாட்டார், பிடித்து நாலு கேள்வி கேட்கலாம் என்று கடற்கரைக்கு ஓடினேன்.

காலை 6.40, குப்பம். கோவில் கோபுரம்தான் வழி காட்டியது, அது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இன்று நாங்கள் கல்லைக் கொட்டிக் கடலைத் தடுத்து வைத்திருக்கிற இடத்துக்கு அப்பாலும் மணல் விரிந்து கிடந்தது. காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் இல்லை, விசைப்படகு இல்லை, டீசல் வாடை இல்லை. மணலில் வரிசையாகக் கட்டுமரங்கள். தூரத்தில் துப்பாக்கியோடு இரண்டு பட்டாளத்துக்காரர்கள். கட்டுமரக்காரர்கள்தான் விளக்குக் காட்டி எதிரிக் கப்பலை அழைத்து வந்தார்கள் என்று ஒரு வதந்தியாம். எந்த மரம் தண்ணீரில் இறங்கினாலும் சுடுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

ஒருவர் குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வயது இருக்கும். நைனாவின் அதே முட்டிக்கால், அதே நெற்றி. அவரைச் சுற்றியிருந்த குடிசை வாசல்களில் நின்றவர்கள் ஒவ்வொருவராக முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள். நடுமரம் உருவுவதைப் பார்க்கக் கூடாது, பார்த்தவன் பிரிவுக்குச் சாட்சியாகிவிடுவான். ஏன் என்று கேட்கவும் கூடாது. இதுவும் எங்கள் குப்பத்து வழக்கம்தான். ஆரோக்கியம் அங்கே இல்லை. போலீசிடம் பேசிப் பார்க்கிறேன் என்று போனவர் இன்னும் திரும்பவில்லை என்று ஒரு பெண் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

அவர் வரும்வரை காத்திருந்திருக்கலாம். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். லாசர் மரத்தை மாட்டு வண்டியில் ஏற்றிவிட்டார், வண்டி நகர்ந்தது, நான் பின்னாலேயே போனேன்.

காலை 7.15. எண்ணூர் எட்டு மைல். வண்டிக்காரன் வழக்கமாக எட்டணா வாங்குவானாம், அன்று மூன்று ரூபாய் கேட்டு வாங்கியிருந்தான். வண்டியில் மரம், மரத்தின் மேல் ஒரு பாய், பாயின் மேல் லாசரின் மனைவி சவேரி, நிறைமாதம். லாசரும் நானும் நடந்தோம். என் சுடிதாரைப் பார்த்துவிட்டு மண்ணடிப் பக்கத்து முஸ்லிம் பெண்ணா என்று சவேரி கேட்டாள். ராயபுரம்தான், எண்ணூரில் சொந்தக்காரருக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போகிறேன் என்றேன். ஒரு வார்த்தை பொய் இல்லை.

லாசரை எப்படிக் கூப்பிடுவது என்பது பெரிய சிக்கல். முறைப்படி கொள்ளுத்தாத்தாவின் அண்ணன், வயசுப்படி பக்கத்து வீட்டு அண்ணன். அண்ணே என்றே ஆரம்பித்தேன்.

"தம்பி வவுத்துல அட்ச்சிட்டுப் போறியே அண்ணே, நல்லாவா இருப்ப?"

தண்டையார்பேட்டை வரைக்கும் விடாமல் திட்டினேன். நூறு வருஷத்துக் கோபத்தை ஒரு மனிதர் மேல் கொட்ட வாய்ப்புக் கிடைத்தால் யார் விடுவார்கள்? அவர் மாட்டின் வாலைப் பார்த்தபடி நடந்தார். சாலை நிறைய வண்டிகள், எல்லாம் வடக்கே. ஒரு பெரிய மனிதரின் குதிரை வண்டி எங்களைத் தள்ளிக்கொண்டு போயிற்று, அதில் ஒரு சுவர்க் கடிகாரம் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. இன்று இந்த வழியில் நூறு அடிக்கு ஒரு டேங்கர் லாரி நிற்கும். அன்று இரண்டு பக்கமும் சவுக்கும் மணலும்தான்.

காலை 9.40, திருவொற்றியூர். நான்கு மைல் வந்திருந்தோம். கோவில் குளத்தருகே மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வண்டி நின்றது. சவேரி முகம் வெளிறிப்போயிருந்தாள். சாத்துக்குடியை உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தேன். நாலு பழம் சாப்பிட்டாள். பிறகு தாழ்ந்த குரலில், மரத்தை உருவினதிலிருந்து இவர் வாயைத் திறக்கவில்லை, ஊரில் யாரும் கேட்கவும் மாட்டார்கள், நீ வெளி ஆள் மாதிரி இருக்கிறாய், திட்டாமல் கேட்டுப் பார் என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. தண்டையார்பேட்டை வரைக்கும் திட்டியிருக்கிறேனே தவிர, ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாருமே கேட்டதில்லை. போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

முந்தின நாள் சாயங்காலம் அண்ணனும் தம்பியும் கடலில் வலை போட்டிருக்கிறார்கள். ராத்திரி குண்டுச் சத்தம் கேட்டதும் வலையை அப்படியே விட்டுவிட்டுக் கரைக்கு ஓடிவந்தார்கள். அது அப்பா விட்டுப்போன வலை. விடிந்ததும் போய் எடுத்தே தீருவேன் என்று ஆரோக்கியம் ஒற்றைக் காலில் நின்றார். பட்டாளம் சுடும் என்று அண்ணன் சொன்னதற்கு, பயந்தாங்கொள்ளி என்று பேர் கிடைத்தது.

"மரம் முழுசா இருந்தா அவன் எறங்குவான். எறங்குனா பட்டாளத்தான் சுடுவான். நடுமரம் இல்லாம இன்னா பண்ணுவான் சொல்லு? உசுரு இருந்தா கோவம் தணிஞ்சிடும்" என்றார் லாசர்.

அவன் கையில் சிக்காத இடத்துக்கு மரம் போகணும், சவேரியின் தாய் வீடு எண்ணூரில் இருக்கிறது, அதனால் அங்கே என்றார். ஆனால் ஊர் இதைப் பிரிவென்று நினைக்குமே என்றேன். ஊர் நினைத்துவிட்டுப் போகட்டும், நல்லவர் யாரிடமாவது தம்பிக்குச் சொல்லி அனுப்பினால் போதும், குப்பத்தில்தான் எல்லாரும் முதுகைக் காட்டிவிட்டார்களே என்றார்.

அங்கேயே திரும்பி ஓடியிருக்க வேண்டும். எழுந்தும் விட்டேன். அந்த நேரம் பார்த்து சவேரிக்கு வலி கண்டது. என் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவில்லை. வழியெல்லாம் ஜனம் போகிறது, பெண்பிள்ளை ஒருத்தி கூட நிற்கவில்லை. வண்டியில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மிச்சம் நான்கு மைலும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபம் சொன்னாள், நானும் கூடச் சொன்னேன். அவளுடைய ஜெபத்தில் பாதி வார்த்தை எனக்குப் புரியாத பழைய தமிழ்.

பகல் 12.30, எண்ணூர். கழிமுகத்தை ஒட்டி ஓலை வீடு. சவேரியின் தாய் வந்து அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். எண்ணூர் என்றால் எனக்குத் தெரிந்தது சாம்பலும் புகைபோக்கியும்தான். அன்றைக்கு அங்கே தண்ணீர் பச்சையாக, அடியில் போகிற மீன் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. என் வயதுக்காரர்களில் இந்த இடத்தை இப்படிப் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்தபோது துக்கமாக இருந்தது.

லாசர் மரத்தை இறக்கி நிழலில் கிடத்தி, ஓலை போட்டு மூடினார். மூடுவதற்கு முன் மரத்தின் தலைப் பக்கத்தில் ஒரு சிலுவை செதுக்கியிருப்பதைக் காட்டினார். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. ஆரோக்கியம் பத்து வயதில் உளி பிடிக்கத் தெரியாமல் செதுக்கியதாம். அதை விரலால் தடவிவிட்டு, நீ ராயபுரம் திரும்பும்போது ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று என்னைக் கேட்டார்.

பகல் 2.15, எண்ணூர் ரயில் நிலையம். ராயபுரத்துக்கு மூன்றாம் வகுப்பு இரண்டணா, லாசர்தான் கொடுத்தார். வண்டி வரும்வரை அந்த வார்த்தையை என்னை மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தார். ஒரு எழுத்து மாறக் கூடாது என்றார்.

"ஆரோக்கியம், மரம் எண்ணூர்ல என் மாமியா வூட்டாண்ட கீது. நான் பங்கு பிரியல. பட்டாளம் போனதும் வந்து எடுத்துக்கோ. நீ வர்ற வரைக்கும் நானும் கடல்ல எறங்க மாட்டேன்."

சத்தியமாகச் சொல்கிறேன் என்றேன். அவர் என் தலையில் கை வைத்தார். சாயங்காலத்துக்குள் ஆரோக்கியத்தின் முன் போய் நிற்பேன், நூறு வருஷத்துப் பகை ஒரு பகலில் தீர்ந்துவிடும் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஊரை விட்டு ஓடுகிற நாளில் ஊருக்குள் போகிற வண்டியில் யார் ஏறுவார்கள்? பெட்டியில் நானும் ஒரு தபால்காரரும்தான். கண்ணை மூடிக்கொண்டு அந்த வார்த்தையை ஜெபமாலை உருட்டுவது போலத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். திருவொற்றியூர் தாண்டியிருக்கும். "சமோசா, சமோசா" என்று ஒரு குரல் கேட்டது. கண்ணைத் திறந்தால் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிறது, எதிரே இரண்டு கல்லூரி மாணவர்கள் கைபேசியில் படம் பார்க்கிறார்கள்.

ராயபுரத்தில் இறங்கி வெளியே ஓடினேன். மேம்பாலம், லாரிகள், பிரியாணிக் கடை. திரும்ப உள்ளே போய், திரும்ப வெளியே வந்தேன். மூன்று முறை டிக்கெட் வாங்கி மூன்று முறை அதே வாசல் வழியாக நுழைந்தேன், பதினைந்து ரூபாய். டிக்கெட் கொடுப்பவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். லாசர் சொல்லி அனுப்பியிருக்கிறார். சொல்ல வேண்டியவள் நான். வார்த்தை போய்ச் சேரவில்லை. எங்கள் குடும்பம் கடலை விட்டதற்கும், இரண்டு வீடு பேசாமல் போனதற்கும் நான் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேனோ அவர் காரணமில்லை. என்னை நம்பித்தான் அவர் காத்திருந்திருப்பார்.

மாலை 4 மணி, வீடு. நைனா டீ குடித்துக்கொண்டிருந்தார். எண்ணூருக்குப் போனேன் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நைனா டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். கோணல் சிலுவையைச் சொன்னபோது மட்டும் டம்ளரைக் கீழே வைத்தார், அவர் தாத்தா செதுக்கியது அது என்று அவருக்குத் தெரியும், எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

"அவரு இன்னா சொல்லி அனுப்புனாரு? அப்டியே சொல்லு" என்றார்.

எழுந்து நின்று சொன்னேன். ஆரோக்கியம் என்ற பேரிலிருந்து எறங்க மாட்டேன் வரைக்கும், ஒரு எழுத்து மாற்றாமல். நைனா எழுந்து கொல்லைப் பக்கம் போனார். வெகுநேரம் திரும்பி வரவில்லை.

மறுநாள் காலை 6.10, அதே ராயபுரம். முகம் வழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நைனா எனக்கு முன்னால் நடந்தார். சாத்துக்குடி கிலோ எண்பது ரூபாய், பேரம் பேசாமல் அவரே வாங்கினார். நிலையத்துக்குள் நுழையும்போது நான் ஒரு நிமிஷம் நின்றேன். அன்று உள்ளே வழக்கமான கூட்டம்தான் இருந்தது. 6.50க்கு எண்ணூரில் இறங்கினோம்.

பெரியப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மூக்கில் ஆக்சிஜன் குழாய். நைனாவைப் பார்த்ததும் கை நீட்டினார். நைனா வாசற்படியிலேயே நின்றார்.

"எங்க வூட்ல ஒண்ணு சொல்லுவாங்க" என்றார் பெரியப்பா, மூச்சு வாங்கியபடி. "சொல்லி அனுப்புனோம், ஆரோக்கியம் வரலன்னு. தாத்தா சாவுற வரைக்கும் வாசலையே பாத்துகினு இருந்தாராம். கடல்ல எறங்கவே இல்ல. உப்பளத்துலதான் வேல செஞ்சாரு."

நைனா என்னைப் பார்த்தார். இரண்டு வீட்டு ஆண்களும் அன்றோடு கடலை விட்டுவிட்டார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. யாரிடம் சொல்லி அனுப்பினீர்கள் என்று நைனா கேட்டார். பெரியப்பாவின் பார்வை என் கையிலிருந்த பையில் நின்றது.

"எங்கப்பா அன்னிக்கி ராத்திரிதான் பொறந்தாரு. வழியில ஒரு பொண்ணு சாத்துக்குடி உரிச்சிக் குடுத்துச்சாம், அதுகிட்டதான்."

நான் தரையைப் பார்த்தேன். மன்னிச்சிடுங்க பெரியப்பா, லேட் ஆயிடுச்சி என்றேன். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு, வந்தாச்சி இல்ல, போதும் என்றார்.

பிறகு மேலே கை காட்டினார். ஓட்டு வீடு. கூரையைத் தாங்குகிற உத்திரம் நீளமாக, கறுத்துப்போய்க் கிடந்தது. இரண்டு முனையிலும் கயிறு அறுத்த தடம். வீடு கட்டும்போது விறகுக்குக் கேட்டவனுக்குக் கொடுக்காமல், தம்பி வந்து கேட்கிற வரைக்கும் பத்திரமாக இருக்கட்டும் என்று லாசரே மேலே ஏற்றினாராம்.

நைனா உள்ளே வந்து ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினார். உத்திரத்தின் தலைப் பக்கத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"அது உன்துதான், தம்பி. எடுத்துக்கினு போ" என்றார் பெரியப்பா.

நைனா இறங்கவில்லை. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும்ணே. உருவுனா வூடு வுழுந்துடும்."

பெரியப்பா சிரித்தார், சிரிப்பு இருமலாகி, அவர் மருமகள் தண்ணீர் கொண்டு ஓடிவந்தாள். நான் சாத்துக்குடி உரிக்க உட்கார்ந்தேன். மத்தியானம் இரண்டே கால் வண்டிக்குத் திரும்பலாம் என்று நான் சொன்னதற்கு, நைனா, இங்கேயே சாப்பிட்டுவிட்டு ராத்திரி வண்டிக்குப் போகலாம் என்றார்.